நான்காம் குழி

பாலிக் பூலாவ் சரிவில், டுரியான் மரங்களுக்கு நடுவே
தோள்வரை கை இறங்கும் ஆழம் தோண்டினோம்.
சங்கூல் வேரில் பட்டுத் துள்ளியது.
அதை மட்டும் வெட்டாதே என்றார் தோட்டக்காரர் கூ.
போன வருடம்தான் அந்த மரம் காய்க்கத் தொடங்கியதாம்.
குழி அரை அடி நகர்ந்தது.
வரைபடத்தில் நான்காம் புள்ளியும்
அரை அடி நகர்ந்தது.

கருவி ஒரு மைலோ டின் அளவுதான்,
கனம் அம்மிக் குழவியின் கனம்.
வடக்கு எதுவென்று
அதற்குச் சொல்லி வைக்க வேண்டும்.
காந்த ஊசி ஆடிக்கொண்டே இருந்தது.
ஹஸ்ரில் தன் பாராங்கைத் தூரக் கொண்டுபோய் வைத்தான்.
இன்னும் ஆடியது.
என் இரும்புக் காப்பைக் கழற்றிப் பையில் போட்டதும்
வடக்கு வந்து நின்றது.

பிறகு மட்டக்குமிழி.
மூன்று திருகு, ஒன்றைத் தொட்டால்
மற்ற இரண்டும் கோபித்துக்கொள்ளும்.
கழுத்தில் ஒரு கொசு உட்கார்ந்து,
குடித்து முடித்து, எழுந்து போனது.
கையை எடுக்கவில்லை நான்.

சலித்த மணல். மூடி. மண்.
மிதிக்கக் கூடாது, உள்ளங்கையால் அழுத்த வேண்டும்.
மேலே பழைய சருகைப் பரப்பினோம்.
இங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்று ஆக்குவதுதான்
வேலையில் பாதி.

"குதி" என்றேன்.
ஹஸ்ரிலின் எண்பத்தாறு கிலோவும்
மடிக்கணினியில் முள்ளாய் எழுந்து அடங்கியது.
கூவுக்கும் குதிக்க ஆசை.
முழங்காலைக் காட்டிச் சிரித்துவிட்டுக்
கைத்தடியால் ஒரு தட்டுத் தட்டினார்.
அதுவும் எழுந்தது, சின்னதாக.

பதின்மூன்று நாள் கழித்துப் பதிவை எடுக்கப் போனேன்.
மலைச்சாலை லோரிகள்.
கிழங்கு தேடும் காட்டுப்பன்றிகள்.
டுரியான் விழுவதைக் கண்டுபிடிப்பது சுலபம்:
ஒரே அடி, பின்னால் உருளல் இல்லை,
முள் மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.
ஒரு ராத்திரி சுமத்ராவுக்கு அடியில் ஏதோ விட்டுக்கொடுத்தது.
இங்கே ஓர் இலைகூட அசைந்திருக்காது.
பாயா தெருபோங்கில், பதினேழாம் மாடியில்
என் வீட்டு விளக்கு ஆடியிருக்கும்,
நான் தூங்கியிருக்கிறேன்.
கருவி நான்கு நிமிடம் எழுதியிருக்கிறது.

ஜார்ஜ் டவுனிலிருந்து கூவின் மகன் செய்தி அனுப்பியிருந்தான்:
இரவில் யாராவது தோட்டத்தில் நடக்கிறார்களா?
போன சீசனில் நிறையப் பழம் காணாமல் போனது.

நான்காம் குழி. இரண்டே முக்கால் மணி.
அடி, அடி, தட்டு.
அடி, அடி, தட்டு.
குழியருகே வந்து நிற்கிறது.
பதினோரு நிமிடம் ஒன்றுமில்லை.
பிறகு வந்த வழியே திரும்புகிறது.
அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும்.
மழை ராத்திரிகளில் அரை மணி முன்னதாக வந்து,
ஒரு தடவை ஐம்பது நிமிடம்
நின்றிருக்கிறது.

சரிவின் கீழே அவர் வீடு.
பக்கத்தில் இன்னொரு வீட்டின் சிமெண்டுத் தரை மட்டும்,
விரிசலில் மரவள்ளி.
வந்த முதல் நாளே கேட்டேன், யாருடையது என்று.
"தம்பி வீடு" என்றவர்
அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது என்று உள்ளே போனார்.
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

இன்றைக்கும் கோப்பி ஓ, சீனி அதிகம்.
"உன் சாமான் வேலை செய்கிறதா?"
"செய்யுது, அங்கிள்."
"ராத்திரியுமா?"
"ராத்திரியும்தான்."
கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
மேட்டைப் பார்த்தார்.
நெற்றியில் ஓர் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது,
சொல்லலாமா வேண்டாமா என்றிருந்தேன்.

மகனுக்குப் பதில் அனுப்பினேன்: திருடன் யாரும் இல்லை.

அலுவலகப் படிவத்தில் ஒரு கட்டம்.
இரைச்சலின் காரணம்:
வாகனம், விலங்கு, மழை, பிற.
பிற என்றால் விளக்கம் எழுத வேண்டும்,
கேள்வி வரும்.

பதின்மூன்றில் ஐந்து இரவுதான் பெய்தது.
பதின்மூன்றுக்கும் மழை என்றே குறித்தேன்.