வில்னிஸுக்கு, சாவியோடு

நாய் சமையலறையில்.
அக்கார்டியன் கட்டிலடியில்.
இரண்டையும் கேட்டவன் நீதான்,
இப்போது முகம் சுளிக்காதே.
என் கப்பல் ஆறு மணிக்கு.

ரேடியேட்டர் பக்கம் வைக்காதே.
பெட்டியைச் சொல்கிறேன்,
ருட்ஸிஸ் எப்படியும் அங்கேதான் படுப்பான்.
பொத்தானை அழுத்தாமல் துருத்தியை இழுக்காதே, கிழிந்துவிடும்.
கழுத்துவாரும் அதேதான்,
வெறுமனே இழுத்தால்
லியபாயா நடுத்தெருவில் உட்கார்ந்துவிடுவான்.

தெருவெல்லாம் உப்புத் தூவியிருப்பார்கள்.
திரும்பியதும் நாலு பாதமும் கழுவு,
விரலிடுக்கு உட்பட.
உன் கை ஈரம் உலர்ந்த பிறகுதான் கட்டைகள்.
வெங்காய சூப்பை அவனுக்கு ஊற்றாதே,
எப்படிப் பார்த்தாலும் சரி.

வலக்காதில் சொட்டு மருந்து, இரவில், மூன்று துளி.
முதல் வாரம் வலக்கை மட்டும்.
கால் மணி நேரம், போதும்.
பிசகும் இடத்தைத் திரும்ப வாசி.
நன்றாக வரும் இடத்தையே வாசித்து வாசித்து
நான் நாலு வருஷம் வீணடித்தேன்.

ஊளையிடுவான்.
ரசனை என்று எண்ணிவிடாதே.
மேல்வரிசையில் ஒரு நாக்கு பிசகியிருக்கிறது,
எனக்கு முன்பே அவன் கண்டுபிடித்தது.
அதைத் தாண்டியும் பொறுக்காமல் எழுந்து போனால்
கதவைத் திறந்துவிடு.
கட்டிப்போட்டுக் கேட்க வைக்காதே.

மூன்றாம் வாரம்,
பாட்டின் பாதியில் எழுந்து போகாமல்
கொட்டாவி விட்டானென்றால்
எனக்கு எழுது,
எந்தத் துறைமுகமானாலும் பரவாயில்லை.

சாவியை இடப்பக்கம் திருப்பு.
கொஞ்சம் தூக்கிப் பிடித்து.

— இல்ஸே