அளவிடத்தக்க விளைவு

பிட்ஸ்பர்க். ஆறு பாதி உறைந்து கிடக்கிறது.
இருநூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பங்கள்;
பணம் பதினான்குக்குத்தான்.
நிலக்கரியில் வந்த பணம்,
அதை வெயிலுக்குச் செலவழிக்க எனக்குச் சம்பளம்.
கூட்ட அறைச் சுவரில் நிறுவனர்,
நகங்கள் வெகு சுத்தம்.

நூற்று நாற்பதாவது:
கென்டக்கி மலையிடுக்கில்
ஒரு தன்னார்வத் தீயணைப்பு நிலையம்.
பதினோரு தகடு, ஒரு பேட்டரி.
'அளவிடத்தக்க விளைவு' என்ற இடத்தில்
கிளீட்டஸ் ஹாஃப்லி பென்சிலால் எழுதியிருக்கிறார்:
கரண்ட் போனால் வெர்னாவின் ஆக்சிஜன் மெஷினை
எங்கள் வண்டி எஞ்சினில் ஓட்டுகிறோம்.
இருக்கிற டீசல் நாற்பது நிமிடம் வரும்.
அவள் புருஷனும் சுரங்கத்தில்தான் இருந்தான்.

குழு கேட்பது டன் கணக்கு.
போட்டுப் பார்த்தேன்:
வருடத்துக்கு நாலு, மிஞ்சினால் நாலரை.
ஆயிரம் டன்காரர்கள்
வண்ணப் படங்களோடு காத்திருக்கிறார்கள்.

மறுப்புக் கடிதம் தயார்.
பெயரை மட்டும் மாற்ற வேண்டும்.

மாற்றவில்லை.
டன் கட்டத்தில் 'நாற்பது நிமிடம்' என்று அடித்தேன்.
சிவந்தது. எண் மட்டுமே ஏற்கப்படும்.

40.

ஏற்றுக்கொண்டது.

வியாழக்கிழமை யாராவது கேட்பார்கள்,
நாற்பது என்ன என்று.
கேட்கட்டும்.
சுவரில் இருப்பவரும்
காது கொடுத்துக் கேட்கட்டும்.