இடது ஓரத்து முடி

ஒரு குப்பியில் பச்சை, ஒரு குப்பியில் சிவப்பு.
இரண்டும் இரும்பு கலந்த உப்பு.
குண்டு பல்பின் மஞ்சளில் சேர்த்துக் குழைத்து
தாளில் தடவிக் காயப்போட்டேன்,
முருகன்குறிச்சி வீட்டு மாடிப்படிக்கு அடியில்.

முதலில் வைத்தது உடைமரத்து இணுக்கு.
முள் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்ததில்
இலையெல்லாம் கலங்கி,
தாளைத் தொட்ட முள்நுனி மட்டும்
தெளிவாக விழுந்தது.

சித்திரை வெயிலுக்கு நான்கு நிமிடம் போதும்.
தாள் வெந்து சாம்பல் பூக்கும்.
அலசுவதில்தான் வம்பு.
போர் தண்ணீர் நீலத்தைத் தின்றுவிடும்;
ஆற்றுத் தண்ணீர் குழாயில் வருவதோ
ஒருநாள் விட்டு ஒருநாள், விடியுமுன்.
"குடிக்கத் தண்ணியக் காணோம்,
காயிதத்தக் குளிப்பாட்டுதாளாம்"
லீதியா மதினி வாளியை எண்ணுவாள்.

பிறகு வண்ணார்பேட்டையில் கடை, கம்ப்யூட்டர்.
கறுப்பு இருக்குமிடத்தில் நீலம் என்றால் கேட்டுக்கொள்ளும்.
ஐப்பசி அடைமழையிலும் படம் காயும்.
தூரிகை ஓடிய ஓரத்துக்கு மட்டும்
என் பழைய தாள் ஒன்றை ஸ்கேன் செய்து வைத்திருந்தேன்.
எந்தப் படத்தைப் போட்டாலும்
அந்த ஓரம் சட்டமாய் வந்து உட்காரும்.

நாற்பத்து மூன்று கல்யாணம் ஆனபின்
ஆவுடைநாயகம் வந்தார்,
தன் ஆல்பம், மச்சினன் ஆல்பம், இரண்டையும்
மேஜையில் விரித்தார்.
"ரெண்டுலயும் ஒரே எடத்துல
ஒரே முடி கெடக்கே, யாரு முடிம்மா?"

எனக்கும் தெரியவில்லை.
இடது ஓரத்தில், வெள்ளையாக,
தூண்டில் கொக்கி மாதிரி வளைந்து.

அசலைத் தேடினேன்.
ஜன்னலுக்கு எதிரே ஆறு வருஷம் தொங்கி
சாயம்போன சட்டையாய் இருந்தது.
பீரோவுக்குள் இருட்டில் போட்டுப் பார்த்தேன்.
பத்து நாளில் நீலம் திரும்பி வந்தது,
முழுசாக இல்லை, முக்கால்வாசி.
முடி யாருடையது என்று அது சொல்லவில்லை.
தூரிகையில் உதிர்ந்ததாயிருக்கலாம்.
பக்கத்தில் நின்று வாளி எண்ணியவளுடையதாயும் இருக்கலாம்.

ஆவுடைநாயகத்துக்கு மட்டும்
அதை அழித்துப் புதிதாக அச்சடித்துக் கொடுத்தேன்.
நல்லாருக்கு என்று வாங்கிப்போனவர்
அடுத்த வெள்ளிக்கிழமையே திரும்பினார்.
"வெறிச்சுனு இருக்கும்மா. அந்த முடியப் போட்டுருங்க.
ஆனா மச்சினன் முடி வேண்டாம், வேற."

கடையைச் சாத்திவிட்டு மாடிக்கு ஏறினேன்.
குப்பிகள் இறுகிக் கிடந்தன, தட்டித் திறந்தேன்.
மறுநாள் உச்சிவெயிலில்
ஈரம் உலர்ந்த தாளின் இடது ஓரத்தில் வைக்க
தலையிலிருந்து ஒன்றைப் பிடுங்கினேன்.

பாதி நரைத்திருந்தது.
எந்தப் பாதி என்று
வெயில் கேட்கவில்லை.