ஐந்து கட்டங்கள்

முதல் நாள் ஒரு தாள் கொடுத்தார்கள்.
"இதய ஒலிகளை என்னால் இனங்காண முடியும்."
பக்கத்தில் ஒன்று முதல் ஐந்து வரை கட்டம்.
நான்கில் டிக் அடித்தேன்.
ஐந்து திமிர், மூன்று பயம் என்று ஒரு கணக்கு.

இனிமேல் பாடம் அறையில், வீட்டுப்பாடம் வகுப்பில்
என்றார் ரஹ்மத்துல்லா சார்.
பதினெட்டு நிமிட வீடியோ ராத்திரி ஒன்பதுக்கு வந்து விழும்.
ஒன்பதுக்குத்தான் ஹாஸ்டலில் வைஃபை போகும்.
மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மட்டும்
இரண்டு கோடு சிக்னல்.
அங்கே ஏழு பேர், ஏழு நீல முகம்,
வெவ்வேறு நிமிடத்தில் ஒரே இதயம்.
ஊருக்குப் போய்த் திரும்பும் ஞாயிறுகளில்
பாலக்கோடு பஸ், ஜன்னலோரம்.
லப் டப் கேட்டது.
அதற்கடுத்த உறுமல் வால்வுடையதா, டீசல் எஞ்சினுடையதா,
தர்மபுரி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தெரியவில்லை.

மறுநாள் கரும்பலகை காலி.
பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டிருந்தார்கள்.
நான் தமிழ் மீடியம்.
முதல் வருஷம் முழுக்க
வாக்கியத்தை மனசுக்குள் கட்டி முடிப்பதற்குள்
கேள்வி அடுத்த பெஞ்சுக்குப் போயிருக்கும்.
இங்கே அது போகவில்லை.
முழங்காலுக்கு எதிரே முழங்காலாய் உட்கார்ந்திருந்தது.

மிட்ரல் ஸ்டெனோசிஸ், என்றான் முனிரத்தினம்.
எப்படி, என்றேன்.
வீடியோல சொன்னாங்க.
அதான் எப்படி, என்றாள் ஷபானா.
நான் படம் வரைந்தேன். அம்பைத் திருப்பிப் போட்டேன்.
ரத்தம் கீழறையிலிருந்து மேலறைக்கு ஏறியது.
ஒருவரும் சாகவில்லை.
ஷபானா ரப்பரை நீட்டினாள்.
இருபது நிமிடம் சண்டை,
பாதி தமிழில், கொஞ்சம் தெலுங்கில், மிச்சம் கைகளால்.
சார் வந்து நின்றார், கேட்டார்,
ஒன்றும் சொல்லாமல் அடுத்த வட்டத்துக்குப் போனார்.
எரிச்சலாக இருந்தது. இன்னும்கூட.

"ஃபீஸ வாங்கிட்டு நம்மளையே படிச்சுக்கச் சொல்றாங்க"
என்ற அறைத்தோழி ஹேமா
ஒரு வீடியோவும் பார்க்காமலே பாஸானாள்.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

எட்டு வாரம் கழித்து அதே தாள்.
பேனா நான்குக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றது.
மூன்று.
கூட்டிப் பார்த்த யாரோ
இந்த முறை தோற்றது என்று எழுதியிருக்கக்கூடும்.
அந்தப் பழைய நான்கு
எதைக் கேட்பது என்றே தெரியாதவள் போட்டது.
அதைச் சொல்ல ஆறாவது கட்டம் இல்லை.

வியாழன். பெண்கள் வார்டு, பதினாலாம் கட்டில்.
பொம்மிடி கெம்பம்மாள், முப்பத்துமூன்று வயது.
பூ மார்க்கெட்டில் சாமந்தி மூட்டை தூக்கினால்
மூச்சு வாங்குகிறது.
ஸ்டெதஸ்கோப்பின் சின்னப் பக்கத்தை வைத்தேன்.
சுற்றிலும் ஐந்து பேர். கிறீச்சிடும் ஃபேன்.
பக்கத்துக் கட்டிலில் டிபன் கேரியர் திறக்கும் சத்தம்.

"என்ன பாப்பா, கேக்குதா?"

ஆமாம் என்று ஆடிப் பழகிய கழுத்து இது.

"இன்னும் கேக்கலைங்க அக்கா.
இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க.
மூச்ச வெளிய விட்டு அப்படியே நிறுத்துங்க.
இன்னொரு தடவ பாக்கறேன்."