பெயர்ப்பவர்கள்

எங்கள் தீவின் தொலைபேசிப் புத்தகத்தில்
முதற்பெயர்தான் வரிசை.
அப்பன் பெயர் பின்னால் வரும்.
அதற்கும் பின்னால், ஒரு காற்புள்ளி தள்ளி,
தொழில்.

அந்தக் காற்புள்ளிதான்
ஸ்டெய்னுன் காராதோத்திர் என்ற ஆறு பேரை
ஆறு பேராக வைத்திருந்தது.
ஒருத்தி தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவள்.
ஒருத்தி ஆகுரேய்ரியில் பல் மருத்துவர்.
ஒருத்தி இறால் ஆலையில், ஒருத்தி சிறைக்காவலில்.
எழுபத்தொரு வயதில் தொழில் கட்டத்தில்
'இன்னும் முடிவாகவில்லை' என்று
எழுதிக் கொடுத்தவள் ஒருத்தி.
கேள்வி கேட்காமல் அச்சிட்டார்கள்.

ஆறாவது நான்.
என் பெயருக்குப் பின்னால் வெறும் வெள்ளை.
படிவம் வந்த வாரம் கணவாய் மூடிக் கிடந்தது,
நான் பனி அள்ளும் வண்டியில் இருந்தேன்.

ஆறு தகப்பன்களும் காரி.
பழைய பேச்சில் காரி என்றால் காற்று.
காற்றுக்குப் பிறந்தவர்கள்
ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.

ஒரு ராத்திரி இரண்டு மணிக்குத் தொலைபேசி.
"டாக்டர், வலது கடைவாய்.
தலைக்கு ஏறுகிறது."
நான் அவளில்லை என்று சொல்லியிருக்கலாம்.
"வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி.
அந்தப் பக்கம் சாய்ந்து படுக்காதே.
விடிந்ததும் வா" என்றேன்.

மறுநாள் மத்தியானம் அவளே கூப்பிட்டாள்.
"என் நோயாளிக்கு வைத்தியம் பார்த்தாயாமே?"
எனக்குக் காது சுட்டது.
"உப்புநீர் சரி. படுக்கை விஷயமும் சரி.
உன் பங்குக் கட்டணத்தை எங்கே அனுப்ப?"
சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்:
"போன மார்ச்சில் ஒரு மீன் லாரிக்காரன்
கணவாய் திறந்திருக்கிறதா என்று
என்னைக் கேட்டான்.
ஜன்னலைப் பார்த்தேன், இங்கே நல்ல வெயில்.
இருந்தாலும் காத்திரு என்றேன்."

எந்தத் தேதி என்று கேட்டேன். சொன்னாள்.
அன்று மூன்றேகாலுக்குத்தான்
கணவாயில் பனிச்சரிவு.
அதை அவளிடம் சொல்லவில்லை.
ஏனென்று இன்றுவரை தெரியாது.
"நல்லதைத்தான் சொல்லியிருக்கிறாய்" என்றேன்.

ஏழு வருடம் இப்படியே.
நான் பனியைப் பெயர்த்தேன்,
அவள் பல்லைப் பெயர்த்தாள்.
அடியோடு வராவிட்டால் இரண்டிலுமே
மறுபடி வேலை என்று
ஒருமுறை பேசிக்கொண்டோம்.
ஒருமுறை அவள் பெயரில் வந்த காதல் கடிதத்தை
ஒட்டைப் பிரிக்காமல் அனுப்பினேன்.
பிரித்துப் பார்த்திருக்கலாமே என்று திட்டினாள்.

நவம்பரில் வானொலி
இறப்பு அறிவிப்பில் என் பெயரை வாசித்தது.
தம்பி இழுவைப் படகில் கேட்டிருக்கிறான்.
கரைக்கு வந்து கூப்பிட்டவனின்
மூச்சு மட்டும் கேட்டது.
"நான்தான்" என்றேன்.
ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டான்.

ஒன்பது மணி நேரம் ஓட்டிக்கொண்டு போனேன்.
சவப்பெட்டியின் மேல் படம்:
இவ்வளவு சின்ன முகமா அந்தக் குரலுக்கு.
பாதிரியார் பெயரைச் சொன்னபோதெல்லாம்
கடைசி வரிசையில் மூன்று தலைகள் நிமிர்ந்தன.
மாடத்தில் ஆர்கன் அரை நொடி பிந்தியது.
அதுவும் எங்களில் ஒருத்திதான்,
தானாகக் கேட்டு வாங்கிய வேலை.

பக்கத்தில் சிவப்புக் கம்பளித் தொப்பி.
முடிவாகாதவள். எழுபத்தெட்டு இப்போது.
"இன்னுமா?" என்றேன் மெல்ல.
"என்ன அவசரம்" என்றாள்.
குழியில் மண் விழும்போது
என் கையைப் பிடித்துக்கொண்டாள்,
அல்லது வழுக்காமலிருக்கப் பிடித்திருக்கலாம்.

ஜனவரியில் புதிய படிவம்.
காற்புள்ளிக்குப் பின்னால்
பனி அள்ளும் வண்டி என்று எழுதினேன்.
கட்டத்தில் இடம் மிச்சமிருந்தது.
பேனாவை மூடாமல் வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன்.

மணி அடித்தது.
யாரோ ஒரு பெண், சேதி எட்டாதவள்,
கன்னத்தைக் கையால் அழுத்திக்கொண்டு
பேசுவதுபோல் கேட்டது குரல்.
"டாக்டர் ஸ்டெய்னுன்தானே?"

விளக்கைப் போட்டேன்.

"எந்தப் பக்கம்?" என்றேன்.