ஒன்றரை சென்ட்

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு
என் மணிக்கட்டைப் பிடிப்பவன் எட்வின் ராஜ்.
செவ்வாய்க்கிழமை பத்மநாபபுரம் கோர்ட்டில்
பிரதிவாதியும் அவன்தான்.
வாதி நான், ஜெசிந்தாபாய்.
நடுவில் ஒன்றரை சென்ட்,
ஓர் ஆயினி மரம்,
நாலு வருட வாய்தா.

தக்கலையில் முன்பு ரப்பர் ஷீட் அடுக்கிய கிட்டங்கியில்
எங்கள் ஐகிடோ வகுப்பு.
விரிப்பில் முகம்பட விழுந்தால்
இன்னும் புகைப்புரை வாசம்.
எங்களைவிட இருபது வயது இளைய பிரிஜின்
முதல் நாளே சொன்னான்,
"அடுத்தடுத்த வீடுதானே, நீங்க ரெண்டு பேரும் ஜோடி."
அவனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

முதல் மாதம்
அவன் பிடிக்கவில்லை, இறுக்கினான்.
நான் மடக்கவில்லை, ஒடிக்கப் பார்த்தேன்.
தைலம் வாங்கிய காசை
இரண்டு பேருமே வழக்குச் செலவில் எழுதவில்லை.

பிறகு
ஆனிச் சாரலில் கூரை ஒழுகிய ஒரு காலை
அவன் தள்ளினான். நான் அங்கே இல்லை.
ஓடவும் இல்லை.
ஓரடி உள்ளே போய்த் திரும்பி
அவன் தோளோடு தோளாக நின்று
அவன் பார்த்த சுவரையே
நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.
தள்ள ஆளில்லாத பலம்
தானே ஒரு சுற்றுச் சுற்றித்
தரையில் உட்கார்ந்தது.
"எப்படி விழுந்தேன்?" என்றான்.
எனக்கும் தெரியவில்லை.

விழக் கற்றதுதான் பெரிய லாபம்.
நாற்பத்தாறு வயதில் உடம்பை உருண்டையாக்கி
கை, தோள், முதுகு என்று
தவணை முறையில் தரையிடம் கொடுப்பது.
கழுத்துவலி போயிற்று.
ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து
அவன் வீட்டு விளக்கை முறைப்பதும் போயிற்று.
கோபம் போகவில்லை.
தொப்புளுக்குக் கீழே இறங்கி உட்கார்ந்திருக்கிறது.
கூப்பிட்டால் வருகிறது,
சில நாள் கூப்பிடாமலும்.

போன செவ்வாய் கூண்டில் நின்றேன்.
அவன் வக்கீல் விரலை நீட்டி அதட்டினார்:
"உங்க பக்கம் சாஞ்சா அது உங்க மரமா?"
கத்து என்று கண்ணைக் காட்டினார் என் வக்கீல்.
மூச்சு கீழே போயிற்று. தோள் தாழ்ந்தது.
அந்த விரல் காட்டிய வரைபடத்தை
விரலின் பக்கமிருந்து பார்த்தேன்.
"மூடு அவங்க பக்கம்தான் சார்.
பழம் ரெண்டு பக்கமும் விழும்."
அடுத்த கேள்விக்கு ஓங்கிய குரலோடு
அவர் ஓரடி முன்னால் தடுமாறினார்.
பின்வரிசையில் எட்வின்
சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டான்.

வழக்கு பதினெட்டாம் தேதிக்கு.
என் வக்கீல் என்னோடு பேசுவதில்லை.

இன்று சனி.
குனிந்து வணங்குகிறான். நானும்.
கையை நீட்டி,
"நல்லா பிடிங்க" என்கிறேன்.
தளர்ந்த பிடியில்
ஒன்றும் படிக்க முடியாது.
பிடிக்கிறான்.
உள்ளங்கையில் ஆயினிப் பால் பிசுபிசுப்பு.
எந்தப் பக்கம் விழுந்த பழமோ.