பொருள்: ......... தொடர்பாக

அனுப்புநர் என்ற இடத்தில்
என்னை எழுதியாயிற்று:
ச. ஒச்சம்மாள், முழுநேர ஆய்வாளர்,
வேதியியல், ஆறாம் ஆண்டு.
பெறுநர், பதிவாளர்.
பொருள் என்ற இடத்தில்தான்
பேனா நின்றுவிட்டது.

உதவித்தொகை நின்று பத்து மாதம்.
அதை எழுதினால் அதுவும் பொருள்தான்.
ஒரு கையெழுத்துக்காக
நெறியாளர் அறை வாசலில் நின்ற மதியங்களை எழுதலாம்,
அதற்குப் படிவம் கிடையாது.
ஜன்னலுக்கு வெளியே நாகமலை
எந்தக் கோப்புக்கும் அசையாமல் படுத்திருக்கிறது.

செல்லம்பட்டிப் பக்கம் நாற்பத்திரண்டு கிணறுகள்.
எதில் எவ்வளவு புளோரைடு என்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம்.
எதற்கும் ஒரு வரம்பு உண்டு
என்பதுதான் என் ஆய்வேட்டின் முதல் வரி.

நெறியாளர் நல்லவர்.
அவர் மகளின் அசைன்மெண்ட்டை
நான் எழுதித் தந்த வாரம்
மிக நல்லவராக இருந்தார்.
வயிறு வெளியே தெரிந்தபோது
"பார்த்துக்கலாம்மா" என்றார்.
பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அப்புறம் ஒரு கடிதம் வந்தது.
காலதாமதம்.
நீட்டிப்புக் கட்டணம், அபராதத்துடன்.
எண்ணிப் பார்த்தேன்:
என் மகள் பிறந்த நாளில் தொடங்கி
அவளுக்கு முதல் பல் எட்டிப்பார்த்த நாள்வரை
மொத்தமும் தாமதம்.

வாசலில் பைண்டிங் கடை.
யாரோ ஜெராக்ஸுக்குக் கொடுத்து
வாங்காமல் போன விதிப் புத்தகத்தை
அபுதாகிர் அண்ணன் தூசி தட்டித் தந்தார்.
பெண் ஆய்வாளருக்கு,
பேறுகாலத்துக்கோ பிள்ளை பராமரிப்புக்கோ,
ஒருமுறை,
இருநூற்று நாற்பது நாள்வரை விடுப்பு.
ஆறு வருசமாக அந்தக் கடையோரம்
மழைக்கு ஒதுங்கியிருக்கிறேன்.
தலைக்கு மேல் பலகையிலேயே
கிடந்திருக்கிறது.

ஆய்வகத்தில் படித்துக் காட்டினேன்.
"பெயர் போடாம அனுப்பு" என்றாள் கோதைநாச்சி.
"நாளைக்கு வைவாவுக்கு
அவருதான உக்காருவாரு" என்றான் தனிஸ்லாஸ்.
இருவர் சொன்னதும் சரிதான்.
அதனால்தான் இந்த மனுவில்
ஒரே ஒரு ஒப்பம்.

பார்வை என்று ஒரு வரி உண்டு.
அவர்கள் அனுப்பிய கடித எண்ணை
அங்கே எழுத வேண்டும்.
எழுதினேன்.
பக்கத்திலேயே
விதிப் புத்தகத்தின் பக்க எண்ணையும்.

மூன்றாம் மேசை குபேந்திரன் சார்
மேலிருந்து கீழே படித்தார்,
கீழிருந்து மேலே ஒருமுறை.
"பொருள் எங்கம்மா?"
நின்றபடியே எழுதினேன்:
விடுப்பு நாட்களைக் கழித்தல்.
"கட்டணத்தக் கட்டிட்டு
அப்பறம் கேக்கலாமே."
"கழிச்சுட்டுக் கேளுங்க சார், கட்டுறேன்."
என் குரல்தானா என்று
நானே திரும்பிப் பார்த்தேன்.

முத்திரையை எடுத்தார். குத்தினார்.
பெறப்பட்டது.
போன மாதம் நான்காம் தேதி.
என் ஒவ்வொரு நாளையும்
பிசகாமல் எண்ணி வைத்திருந்த அலுவலகம்.

"சார், தேதி."

நிமிர்ந்தார்.
வரிசையில் பின்னால் நின்றவர்
செருமினார்.
மின்விசிறி மனுவின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது.
குபேந்திரன் சார் பேனா மூடியின் முனையால்
ரப்பர் உருளையை நெம்பினார்.
பதினேழு, பதினெட்டு,
இறுகிக் கிடந்து
மெல்லத் திரும்பியது பத்தொன்பது.
மாதத்தையும் திருப்பினார்.
பழையதை அடித்து
நகலிலும் ஒன்று குத்தினார்,
கொஞ்சம் அழுத்தியே.

உசிலம்பட்டி பஸ்ஸில் நிற்கத்தான் இடம்.
ஒரு கை கம்பியில்.
மறு கையில் மடிக்காத நகல்,
மை இன்னும் காயவில்லை.
கண்டக்டர் மீதிச் சில்லறையை நீட்டினார்.
வாங்க
ஒரு கை குறைந்தது.